நியர் இன்ஃப்ராரெட் பின்னணி ஒளி யாரோடது? கணக்கை முதல்ல இருந்து போடுறதுக்கு முழுமையான வழிகாட்டி

வானத்துல கண்ணுக்குத் தெரியிற நட்சத்திரம், கேலக்ஸி எல்லாத்தையும் மறைச்சிட்டாலும் நியர் இன்ஃப்ராரெட்ல, அதாவது கண்ணுக்குத் தெரியிற சிவப்பையும் தாண்டின அலைநீளத்துல, 1 மைக்ரான்ல (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) இருந்து 5 மைக்ரான் வரைக்கும் மெல்லிசா ஒரு வெளிச்சம் மிச்சம் இருக்கும். அது எங்கிருந்து வருதுன்னு பங்கு பிரிக்கிறதுதான் இங்க வேலை. நான் இதை ஒரு தடவை முழுசா செஞ்சு பாத்திருக்கேன், அப்புறம் புதுசா வந்தவங்க செய்யிறதையும் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன். யாருக்கும் கணக்கு தெரியாம தப்பு வர்றதில்ல, வரிசை மாறித்தான் வருது. கழிச்சது போக ஏதோ மிச்சம் நிக்கிதுன்னு பாத்தவுடனே "முதல் நட்சத்திரங்களோட ஒளி"ன்னு எழுத ஆரம்பிச்சிடுறாங்க, அந்த மிச்சம் நம்ம சூரியக் குடும்பத்துத் தூசியா இருக்கலாம்னு யோசிக்கிறதே கடைசியிலதான்.

அதனால கீழ இருக்கிற வரிசையை மாத்தாதீங்க. பக்கத்துல இருக்கிற மூலத்தை முதல்ல கழிக்கணும், தூரத்துல இருக்கிறதை கடைசியில தேடணும்.

1. எந்தக் கேள்விக்கு பதில் தேடுறீங்கன்னு முடிவு பண்ணுங்க

இந்த ஒளியை அளக்க மூணு வழி இருக்கு, மூணும் மூணு வேற கேள்வி.

முதல் வழி மொத்த அளவு. வானத்தோட முழு பிரகாசத்தை அளந்து முன்னாடி இருக்கிறதையெல்லாம் கழிக்கிறது. ரெண்டாவது ஏற்ற இறக்கம், அதாவது ஃப்ளக்சுவேஷன். சராசரியை விட்டுட்டு இடத்துக்கு இடம் எவ்வளவு மாறுதுன்னு மட்டும் பாக்கிறது. மூணாவது காமா கதிர் வழி, தூரத்து பிளேசார்ல (நம்ம பக்கம் ஜெட்டை நீட்டியிருக்கிற பிரகாசமான கேலக்ஸி மையம்) இருந்து வர்ற காமா கதிரை இந்தப் பின்னணி ஒளி எவ்வளவு விழுங்கியிருக்குன்னு பாத்து பின்னணியை ஊகிக்கிறது.

இதை ஏன் முதல்லயே பிரிக்கணும்னா, மொத்த அளவுக்கு நல்ல டேட்டா ஃப்ளக்சுவேஷனுக்கு உதவாது, ஃப்ளக்சுவேஷனுக்கு நல்லது மொத்தத்துக்கு உதவாது. ஸ்பிட்ஸர் விண்வெளி டெலஸ்கோப்போட படத்தை டவுன்லோட் பண்ணி அதோட சராசரி பிக்ஸல் மதிப்பை எடுத்து "இதான் பின்னணி"ன்னு கொண்டுவந்தவங்களை நான் ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல, நிறைய பாத்துட்டேன். ஏன் அது செல்லாதுன்னு 4ஆம் படியில வரும்.

2. உக்கார்றதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

மொத்த அளவுக்கு: கோபி செயற்கைக்கோளோட டர்பி கருவி எடுத்த மேப். 1989 நவம்பர்ல ஏவுனது, 1.25 மைக்ரான்ல இருந்து 240 மைக்ரான் வரைக்கும் பத்து பேண்ட் (அலைநீளப் பட்டை), பீம் (ஒரு தடவைக்கு அது பாக்கிற வானத் துண்டு) மட்டும் 0.7 டிகிரி அகலம், அதாவது முழு நிலாவைவிட பெருசு.

ஃப்ளக்சுவேஷனுக்கு: ஸ்பிட்ஸரோட 3.6, 4.5 மைக்ரான் ஆழமான படங்கள், அகாரி செயற்கைக்கோளோட 2.4, 3.2, 4.1 மைக்ரான், ராக்கெட்ல போன சைபர் கருவியோட 1.1, 1.6 மைக்ரான். இப்போ 2025 மார்ச்ல ஏவுன ஸ்பியரெக்ஸ் விண்வெளி டெலஸ்கோப்பும் சேந்திருக்கு, 0.75ல இருந்து 5 மைக்ரான் வரைக்கும் 102 நிற பேண்ட், எக்ளிப்டிக் (பூமி சூரியனைச் சுத்துற தளம்) துருவங்களுக்குப் பக்கத்துல ரெண்டு ஆழமான களம்.

துணைக்கு: நட்சத்திரத்துக்கு டூமாஸ், கையா கேட்டலாக். நம்ம கேலக்ஸி தூசிக்கு 100 மைக்ரான் மேப். கேலக்ஸி எண்ணிக்கைக்கு எல்லா அலைநீளத்துலயும் வெளியான கவுண்ட்ஸ். இதெல்லாம் பொதுவுல கிடைக்குது. டேட்டா கிடைக்கிறது கஷ்டமே இல்ல, அது எப்படி செஞ்சதுன்னு கூட வர்ற கையேட்டைப் படிக்கிறதுதான் யாரும் செய்ய மாட்டேங்கிறாங்க.

3. எல்லாத்தையும் ஒரே யூனிட்டுக்கு கொண்டு வாங்க

டேட்டா மெகாஜான்ஸ்கி/ஸ்டெரேடியன்ல (ஜான்ஸ்கி ஒளி அளவோட யூனிட், ஸ்டெரேடியன் வானப் பரப்போட யூனிட்) வரும், கட்டுரைகள் நானோவாட்/சதுர மீட்டர்/ஸ்டெரேடியன்ல பேசும். இனி நான் சும்மா நானோவாட்னு சொன்னா அது ரெண்டாவதுதான்.

மாத்துறது லேசு: 3000ஐ மைக்ரான்ல இருக்கிற அலைநீளத்தால வகுங்க, அதை மெகாஜான்ஸ்கியோட பெருக்குங்க. 3.6 மைக்ரான்ல 1 மெகாஜான்ஸ்கி/ஸ்டெரேடியன்னா 833 நானோவாட். கேலக்ஸி எல்லாம் சேந்தே அங்க சில நானோவாட்தான் வரும், அதனால மெகாஜான்ஸ்கில பாத்தா மூணாவது தசம இடத்துல சிக்னல் ஒளிஞ்சிருக்கும். இந்த யூனிட்ல அலைநீளத்துக்கு அலைநீளம் ஆற்றலை நேரா ஒப்பிடலாம்ங்கிறதுதான் மாத்துறதுக்கு காரணம்.

4. டேட்டாவோட பூஜ்யம் எங்க இருக்குன்னு பாருங்க

டிடெக்டர் மேல ஒரு ஒளியும் படாதப்பவும் அது ஏதோ ஒரு எண்ணைக் காட்டும். அந்த எண் தெரியலன்னா மொத்த அளவே கிடையாது.

டர்பி உள்ளேயே ஒரு குளிர்ந்த ரெஃபரன்ஸை வச்சுக்கிட்டு வானத்தையும் அதையும் மாத்தி மாத்தி பாத்துச்சு, சைபர்ல குளிர்ந்த ஷட்டர் இருந்துச்சு. ஸ்பிட்ஸரோட ஐராக் கேமராவுலயும் ஷட்டர் இருந்துச்சு, ஆனா விண்வெளியில அதை இயக்கல, மாட்டிக்கிட்டா கேமராவே போயிடும்ங்கிற பயம். அதனால ஸ்பிட்ஸர் சராசரியில பாதி வானமா பாதி மின்னணுவான்னு நம்மளால சொல்ல முடியாது. ஃப்ளக்சுவேஷனுக்கு அது பிரச்சனை இல்ல, ஏன்னா அங்க சராசரியை எப்படியும் தூக்கிப் போடப் போறோம்.

இன்னொண்ணு, தரையில இருந்து எடுத்த படத்தை இந்த வேலைக்கு யோசிக்கவே வேணாம். சுமார் 90 கிலோமீட்டர் உயரத்துல இருக்கிற ஓஎச் மூலக்கூறுகள் இந்த அலைநீளத்துல பளபளன்னு ஒளிர்றதுல நாம தேடுறது காணாமயே போயிடும். ஹபிள் மாதிரி பூமிக்கு பக்கத்துல சுத்துறதுக்கே 1.083 மைக்ரான்ல ஹீலியம் ஒளிர்வு வந்து சேரும், அந்த பேண்டை தனியா கவனிங்க.

5. சோடியாக்கல் லைட்டை கழிங்க, நிறைய நேரம் இங்கதான் போகும்

சூரியனைச் சுத்தி கிடக்கிற தூசி, சூரிய ஒளியை சிதறடிச்சு நமக்கு அனுப்புது. 3.5 மைக்ரானுக்கு கீழ பெரும்பாலும் சிதறல், அதுக்கு மேல தூசியே சூடா இருந்து வெளியிடுற வெப்ப ஒளி. ரெண்டும் சந்திக்கிற 3.5 மைக்ரான் பக்கம்தான் வானம் ரொம்ப இருட்டா இருக்கிற ஜன்னல், ஸ்பிட்ஸர் 3.6 மைக்ரான் டேட்டா இவ்வளவு புழங்குறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போ எண்ணைப் பாருங்க. 1.25 மைக்ரான்ல, எக்ளிப்டிக் தளத்தை விட்டு நல்லா தள்ளிப் போனாலும் இது சில நூறு நானோவாட் இருக்கும். எல்லா கேலக்ஸியையும் கூட்டுனா வர்றது சுமார் 10 நானோவாட். சும்மா ஒரு உதாரணத்துக்கு சோடியாக்கல் 300னு வச்சுக்குங்க, உங்க மாடல்ல 5 சதவீதம் பிழைன்னா அதுவே 15 நானோவாட். தேடுற பொருளைவிட தராசோட ஆட்டம் பெருசு. இந்த ஒரு வரியை மனசுல வச்சுக்கிட்டா மிச்ச படி எல்லாம் தானா புரியும்.

வழக்கமா எடுக்கிற மாடல் 1998ல கெல்சால் குழு டர்பி டேட்டாவை வச்சே செஞ்சது. பூமி சுத்த சுத்த, ஒரே திசையோட பிரகாசம் வருஷம் முழுக்க மாறும், அந்த மாற்றத்தை வச்சு தூசி எப்படி பரவியிருக்குன்னு பொருத்துனாங்க. இதுல இருக்கிற ஓட்டையை கவனிங்க: மாறுற பகுதியைத்தான் அது பிடிக்கும். எல்லா திசையிலயும் ஒரே மாதிரி, வருஷம் முழுக்க மாறாம ஒரு தூசி மண்டலம் இருந்தா மாடலுக்கு அது கண்ணுலயே படாது, அப்படியே மிச்சத்துல வந்து உக்காந்துக்கும். அதே வருஷம் ரைட் வேற மாதிரி ஒரு மாடல் செஞ்சார், 25 மைக்ரான்ல வானத்தோட இருட்டான பகுதியில வர்றது எல்லாமே சோடியாக்கல்தான்னு ஒரு கட்டாயத்தை வச்சு. அந்த மாடல் கூடுதலா கழிக்கும், அதனால மிச்சம் கம்மியா வரும்.

செய்ய வேண்டியது: ரெண்டு மாடலையும் ஓட்டுங்க, ரெண்டு மிச்சத்தையும் எழுதி வைங்க, வித்தியாசத்தை பிழையா எடுத்துக்குங்க. ஒண்ணை மட்டும் ஓட்டிட்டு அதோட ஃபிட் பிழையை போடுறவங்க, வெளியான மாடல்னா நம்பலாம்னு நெனச்சுக்கிறாங்க. ஃபிட் நல்லா இருக்கிறது வேற, மாடல் சரியா இருக்கிறது வேற.

மாடலே இல்லாம பாக்க ஒரு அழகான வழியும் இருக்கு. சோடியாக்கல் லைட் சிதறுன சூரிய ஒளிதானே, அப்போ சூரிய ஸ்பெக்ட்ரத்துல இருக்கிற கருப்புக் கோடுகள் அதுலயும் இருக்கும், கேலக்ஸி பின்னணியில அது இருக்காது, எல்லா ரெட்ஷிஃப்ட்டும் (பிரபஞ்சம் விரியிறதால ஒளியோட அலைநீளம் நீள்றது, தூரம் கூடுனா இதுவும் கூடும்) கலந்து கோடு அழிஞ்சு போயிருக்கும். 0.8542 மைக்ரான் கால்சியம் கோட்டோட ஆழத்தை அளந்தா சோடியாக்கல் எவ்வளவுன்னு நேரா வந்துடும். சைபர் ராக்கெட்ல ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டர் இதுக்குன்னே போச்சு.

மிச்சம் வந்ததும் அதோட நிறத்தை சோடியாக்கல் நிறத்தோட வச்சுப் பாருங்க. 1995ல போன ஐஆர்டிஎஸ் விண்வெளி டெலஸ்கோப் டேட்டால மட்சுமோட்டோ குழு 1.4 மைக்ரான் பக்கத்துல 70 நானோவாட் அளவுக்கு கூடுதல் ஒளி இருக்குன்னு சொன்னப்ப, அந்த மிச்சத்தோட ஸ்பெக்ட்ரம் சோடியாக்கலை அப்படியே உரிச்சு வச்ச மாதிரி இருக்கேன்னு மத்தவங்க கேட்டாங்க. நியாயமான கேள்வி. உங்க மிச்சமும் அப்படி இருந்தா மேல போகாதீங்க, திரும்ப இந்தப் படிக்கே வாங்க.

6. நம்ம கேலக்ஸியை கழிங்க

இது ரெண்டு துண்டு. ஒண்ணு நட்சத்திரங்கள், இன்னொண்ணு நட்சத்திர ஒளி தூசில பட்டு சிதறுறது.

டர்பி பீம் 0.7 டிகிரிங்கிறதால ஒவ்வொரு பிக்ஸல்லயும் நூத்துக்கணக்குல நட்சத்திரம் கலந்து கிடக்கும். டூமாஸ் கேட்டலாக்ல இருந்து ஒவ்வொண்ணோட ஒளியையும் கூட்டி கழிக்கணும். கேட்டலாக் எட்டாத மங்கலான நட்சத்திரங்களுக்கு ஒரு கேலக்ஸி மாடல் தேவைப்படும். பெரிய டெலஸ்கோப் படம்னா நட்சத்திரத்தை மாஸ்க் பண்ணிடலாம் (அந்த பிக்ஸல்களை மறைச்சு கணக்குல இருந்து விட்டுடலாம்), ஆனா பிரகாசமான நட்சத்திரத்தோட ஓரம் நீங்க நெனக்கிறதைவிட ரொம்ப தூரம் நீளும். கண்ணுக்கு வட்டம் முடிஞ்ச இடத்துல மாஸ்க்கை நிறுத்தாதீங்க.

தூசி சிதறலுக்கு, உங்க படத்தை 100 மைக்ரான் மேப்போட எக்ஸ்-ஒய் ப்ளாட் போட்டு சாய்வை எடுங்க. புதுசா வர்றவங்க சாய்வை சரியா எடுத்துடுவாங்க, வெட்டுப்புள்ளியில (தூசி பூஜ்யமா இருக்கிறப்ப கோடு அச்சை வெட்டுற இடம்) வழுக்குவாங்க. 100 மைக்ரான்லயும் கேலக்ஸிகளோட தொலைதூரப் பின்னணி ஒண்ணு இருக்கு, கிட்டத்தட்ட 0.8 மெகாஜான்ஸ்கி/ஸ்டெரேடியன். நீங்க எடுத்த மேப்ல அது ஏற்கனவே கழிச்சாச்சா இல்லையான்னு பாக்காம தூசி பூஜ்யம்னு ஒரு இடத்தை முடிவு பண்ணா, நாம தேடுறது வெட்டுப்புள்ளியிலதான் இருக்குங்கிறதால நேரா விடையிலயே கை வச்ச மாதிரி ஆயிடும்.

7. தெரிஞ்ச கேலக்ஸிகளை கூட்டுங்க

இது மட்டும்தான் நிம்மதியான படி. ஒவ்வொரு பிரகாச அளவுலயும் ஒரு சதுர டிகிரிக்கு எத்தனை கேலக்ஸின்னு எடுத்து, அதோட ஒளியால பெருக்கி கூட்டிக்கிட்டே போங்க. மங்க மங்க எண்ணிக்கை ஏறும், ஆனா ஒரு மேக்னிட்யூடுக்கு (வானியல்ல பிரகாசத்தோட அளவுகோல்) எண்ணிக்கையோட மடக்கை 0.4ஐ விட கம்மியா ஏற ஆரம்பிச்சா கூட்டுத்தொகை ஒரு எல்லைக்குள்ள அடங்கிடும். நியர் இன்ஃப்ராரெட்ல அது நல்லாவே அடங்குது. 1.6, 2.2 மைக்ரான்ல சுமார் 10 நானோவாட், 3.6 மைக்ரான்ல அதுல ஏறக்குறைய பாதி.

இந்த எண் ஒரு கீழ் எல்லை. நிஜப் பின்னணி இதைவிட குறையவே முடியாது, கூடலாம். கேலக்ஸியைக் கழிக்கிறதுக்கு முன்னாடி உங்க மிச்சம் இதுக்கு கீழ வந்துச்சுன்னா சோடியாக்கலை அதிகமா கழிச்சிட்டீங்கன்னு அர்த்தம்.

ஒரு எச்சரிக்கை. கேலக்ஸி ஒளியை அளக்கிறப்ப ஒரு வட்டத்துக்குள்ள அளப்பாங்க, ஓரத்துல பரவிக் கிடக்கிற ஒளி வெளிய போயிடும். பின்னாடி ஹாலோ ஒளின்னு (கேலக்ஸியைச் சுத்தி இருக்கிற மெல்லிய மண்டலத்துல இருந்து வர்றது) ஒண்ணு தேடுவீங்க, அப்போ இந்த ஓர ஒளியை ரெண்டு கணக்குலயும் எழுதிடாதீங்க.

8. மிச்சத்தை எழுதுங்க, பேர் வைக்காதீங்க

மொத்தத்துல இருந்து சோடியாக்கல், நட்சத்திரம், தூசி சிதறல், கேலக்ஸி எல்லாம் கழிச்சா ஒரு எண் வரும். பக்கத்துல பிழையை எழுதுங்க. சோடியாக்கல் மாடல் பிழை எல்லா திசைக்கும் சேந்தே ஏறி இறங்கும், பிக்ஸல் எண்ணிக்கையோட வர்க்கமூலத்தால வகுத்தா குறையாது. நூறு இடத்துல அளந்தேன், அதனால பிழை பத்துல ஒரு பங்குன்னு எழுதுறது இங்க பெரிய தப்பு.

சூரியக் குடும்பத்தோட விளிம்புல நின்னு பாத்தா என்னன்னு கேக்கலாம். கேட்டிருக்காங்க, பாத்தும் இருக்காங்க. நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் புளூட்டோவையும் தாண்டி, தூசி அனேகமா இல்லாத இடத்துல இருந்து அளந்துச்சு. 2021ல கேலக்ஸி கணக்கைவிட கூடுதலா இருக்குன்னு வந்துச்சு, 2024ல கூடுதல் திசைகள், இன்னும் நல்ல தூசி திருத்தம் எல்லாம் போட்டு திரும்ப செஞ்சப்ப 11.16 நானோவாட், கூட்டல் கழித்தல் 1.65, கேலக்ஸி எண்ணிக்கையோட ஒத்துப்போயிடுச்சு. அது 0.4ல இருந்து 0.9 மைக்ரான், நம்ம பேண்டுக்கு பக்கத்து வீடுதான், அதே வீடு இல்ல. ஆனாலும் 1.4 மைக்ரான்ல 70னு சொன்னா 0.6ல 11தானேன்னு கேள்வி வரும், நடுவுல எங்க அந்த ஏற்றம் ஆரம்பிக்குதுன்னு உங்களால சொல்ல முடியணும்.

9. ஃப்ளக்சுவேஷன் வழியை தனியா ஓட்டுங்க

சோடியாக்கல் ரொம்ப பிரகாசம், ஆனா ரொம்ப வழவழப்பு. கேலக்ஸிகள் மங்கல், ஆனா கட்டி கட்டியா சேந்து கிடக்கும். அதனால சராசரியை விட்டுட்டு ஏற்ற இறக்கத்தை மட்டும் பாத்தா சோடியாக்கல் தொல்லை பெரும்பாலும் ஒழியும். இந்த வழியில 2005ல காஷ்லின்ஸ்கி குழு ஸ்பிட்ஸர் படங்கள்ல, தெரிஞ்ச கேலக்ஸியையெல்லாம் மறைச்ச பிறகும், சில ஆர்க்நிமிட (ஒரு டிகிரியில அறுபதுல ஒரு பங்கு) அளவுல சுமார் 0.1 நானோவாட் ஏற்ற இறக்கம் இருக்குன்னு காட்டுனாங்க.

உள் வரிசை இதுதான்:

அ. கச்சா ஃப்ரேம்ல இருந்து ஆரம்பிங்க. ரெடிமேட் மொசைக் எடுக்காதீங்க. மொசைக் செய்யிற பைப்லைன் ஒவ்வொரு ஃப்ரேமோட பின்னணியையும் பக்கத்து ஃப்ரேமோட ஒட்டுறதுக்காக ஏத்தி இறக்கும், நீங்க தேடுற பெரிய அளவு ஏற்ற இறக்கம் அதுலயே செத்துப் போயிடும். ஐராக்கோட பார்வைப் பரப்பே 5.2 ஆர்க்நிமிடம்தான், அதைவிட பெரிய அளவுல எதையும் சொல்லணும்னா ஃப்ரேம்களை எப்படி ஒட்டுனீங்கங்கிறதுதான் எல்லாமே. ஒரே வானத்தை பல பிக்ஸல்கள் பாத்ததை வச்சு டிடெக்டர் ஆஃப்செட்டையும் வானத்தையும் சேத்தே தீர்க்கிற செல்ஃப் கேலிப்ரேஷன் முறையைப் போடுங்க.

ஆ. மாஸ்க் போடுங்க. ஒரே மாஸ்க்கை எல்லா பேண்டுக்கும் போடணும், இல்லன்னா பின்னாடி நிறம் ஒப்பிடுறது அர்த்தமில்லாம போயிடும். மறைச்ச இடத்துல பூஜ்யம் போடுறதுக்கு முன்னாடி, மறைக்காத பிக்ஸல்களோட சராசரியை கழிங்க. இதை மாத்திச் செஞ்சா மாஸ்க்கோட வடிவமே சிக்னலா வந்து நிக்கும், ஒரு வாரம் சந்தோஷமா இருப்பீங்க, அப்புறம் யாராவது சொல்லுவாங்க.

இ. எஃப்எஃப்டி (படத்தை அலைகளா பிரிக்கிற கணக்கு) எடுத்து பவர் ஸ்பெக்ட்ரம், அதாவது எந்தக் கோண அளவுல எவ்வளவு ஏற்ற இறக்கம்ங்கிற படம் போடுங்க. மூணுல ஒரு பங்குக்கு மேல மறைச்சிருந்தா நேரடி எஃப்எஃப்டி நம்பாதீங்க, மோட் கப்ளிங் (மாஸ்க்கால வேற வேற கோண அளவுகள் ஒண்ணோட ஒண்ணு கலக்கிறது) திருத்தம் போடுங்க இல்ல கோரிலேஷன் ஃபங்ஷன் கணக்குப் போட்டு ஒப்பிடுங்க.

ஈ. நாய்ஸை கழிங்க. ஃப்ரேம்களை ஒண்ணு விட்டு ஒண்ணா ரெண்டு பாதியா பிரிச்சு, ஒண்ணுல இருந்து இன்னொண்ணை கழிச்சா வானம் அடிபட்டு நாய்ஸ் மட்டும் நிக்கும், அதோட பவரை மொத்தத்துல இருந்து எடுத்துடுங்க. அப்புறம் பீமோட விளைவால வகுங்க.

உ. ஆறு மாசம் கழிச்சு எடுத்த படத்தோட ஒப்பிடுங்க. ஸ்பிட்ஸர் மாதிரி சூரியனைப் பொறுத்து திரும்புற டெலஸ்கோப்ல ஆறு மாசத்துல டிடெக்டர் 180 டிகிரி திரும்பியிருக்கும், சோடியாக்கலும் மாறியிருக்கும். ரெண்டுலயும் ஒரே ஏற்ற இறக்கம் வந்தா அது வானத்தோடது, டிடெக்டரோட சேந்து 180 டிகிரி சுழன்டிருந்தா கேமராவோடது.

ஊ. பைப்லைனை பரீட்சை பண்ணுங்க. செயற்கையா ஒரு ஏற்ற இறக்கத்தை கச்சா ஃப்ரேம்ல கலந்து முழு வேலையையும் திரும்ப ஓட்டி எவ்வளவு பிழைச்சு வெளிய வருதுன்னு பாருங்க. இது எல்லாரும் "அப்புறம் பாத்துக்கலாம்"னு விடுற படி. படம் ஓரத்துல சாய்வா இருக்கேன்னு ரெண்டாம் அடுக்கு பாலினோமியலை பொருத்தி கழிச்சவர் ஒருத்தர், பெரிய அளவு சிக்னல் இல்லவே இல்லன்னு ரிப்போர்ட் எழுதி முடிச்ச பிறகுதான் இந்தச் சோதனையை ஓட்டுனார், கலந்த சிக்னல்ல முக்கால்வாசியை பாலினோமியல் தின்னுருந்துச்சு.

விடைப் படத்துல ரெண்டு பகுதி தெரியும். சின்ன கோணத்துல தட்டையா ஓடுறது ஷாட் நாய்ஸ், மாஸ்க் எட்டாத கேலக்ஸிகள் எண்ணிக்கையில கூடிக் குறையிறதால வர்றது. பெரிய கோணத்துல அதுக்கு மேல எழும்புறதுதான் கூட்டமா சேந்து கிடக்கிற மூலங்களோட அடையாளம். மாஸ்க்கை இன்னும் ஆழமாக்குங்க: ஷாட் நாய்ஸ் இறங்கணும். பெரிய கோணப் பகுதி கூடவே இறங்குனா அது சாதாரண மங்கலான கேலக்ஸி, அசையாம நின்னா வேற ஏதோ.

10. இப்போ சந்தேகப்பட்டியலை எடுங்க

மாஸ்க்குக்கு தப்பிச்ச மங்கலான கேலக்ஸிகளோட பங்கை முதல்ல கணக்குப் போடுங்க. லூமினாசிட்டி ஃபங்ஷன்களை (எந்த பிரகாசத்துல எத்தனை கேலக்ஸிங்கிற கணக்கு) வச்சு 2012ல ஹெல்காசன் குழு இதை செஞ்சாங்க, பெரிய கோணத்துல ஸ்பிட்ஸர் காட்டுற அளவுக்கு அது பத்தலன்னு வந்துச்சு. பத்தலன்னு உங்க டேட்டாவுக்கும் காட்டுன பிறகுதான் மத்த பேரெல்லாம் எடுக்கலாம்.

முதல் ஆள், கேலக்ஸிகள் மோதுறப்ப உருவி எறியப்பட்டு ஹாலோவுக்குள்ள தனியா திரியிற நட்சத்திரங்கள். 2012ல கூரே குழு ஸ்பிட்ஸர் டேட்டாவுக்கும், 2014ல செம்கோவ் குழு சைபர் டேட்டாவுக்கும் இதைத்தான் சொன்னாங்க. ஒண்ணொண்ணா பாக்க முடியாத அளவுக்கு பரவிக் கிடக்கிறதால மாஸ்க்ல சிக்காது.

ரெண்டாவது ஆள், எல்லாருக்கும் பிடிச்ச முதல் தலைமுறை நட்சத்திரங்கள். இதுக்கு முன்னாடி ஒரு ஆற்றல் கணக்கு போட்டுடுங்க, அஞ்சு நிமிஷம்தான். 10 நானோவாட் பின்னணின்னா, 4 பையால பெருக்கி ஒளிவேகத்தால வகுத்தா ஒரு கன மீட்டருக்கு சுமார் 4.2×10^-16 ஜூல். அது ரெட்ஷிஃப்ட் 10ல பிறந்திருந்தா, விரிவுல ஆற்றல் 11ல ஒரு பங்கா குறைஞ்சிருக்கும், அப்போ கிளம்புறப்ப 4.6×10^-15. இன்னைக்கு கன மீட்டருக்கு சராசரி பேரியான் (புரோட்டான், நியூட்ரானால ஆன சாதாரணப் பொருள்) 0.25 புரோட்டான், அதுல முக்கால்வாசி ஹைட்ரஜன், ஹைட்ரஜன் எரிஞ்சா நிறையில 0.7 சதவீதம் ஒளியா வரும், அப்படின்னா மொத்தமும் எரிஞ்சாலே 2×10^-13 ஜூல்தான் கிடைக்கும். வகுத்துப் பாருங்க, பிரபஞ்சத்துல இருக்கிற ஹைட்ரஜன்ல 2 சதவீதத்துக்கு மேல அந்த முதல் 50 கோடி வருஷத்துலயே எரிஞ்சு முடிஞ்சிருக்கணும். நட்சத்திரமா மாறுன நிறை அதைவிட கூட. இன்னைக்கு வரைக்கும் சேந்த நட்சத்திரம் எல்லாமே பேரியான்ல 6, 7 சதவீதம்தான். அவ்வளவு எரிஞ்சா வந்திருக்க வேண்டிய கனத் தனிமங்கள் எங்கன்னு மடாவும் சில்க்கும் 2005லயே கேட்டாச்சு. 1 நானோவாட்டுக்கு கீழன்னா இந்தக் கணக்கு இடம் கொடுக்கும், 70க்கு யானைப் பசிக்கு சோளப்பொறி.

மூணாவது, ஆதிகாலக் கருந்துளைகள், முக்கியமா வாயு மேகம் நட்சத்திரமாகாம நேரா சரிஞ்சு உருவானது. நாலாவது, சில எலக்ட்ரான்வோல்ட் நிறையுள்ள ஆக்ஸியான் மாதிரி துகள் ரெண்டு ஃபோட்டானா சிதையிறது. நாலாவதை நான் கடைசியில வைக்கிறேன், காரணம் அது தப்புன்னு இல்ல, எந்த மிச்சத்துக்கும் நிறையை மாத்தி மாத்தி பொருத்திடலாம்ங்கிறதால.

11. ஆளைப் பிரிக்கிற சோதனைகள்

ஆப்டிகல் சோதனைதான் முதல்ல. ரெட்ஷிஃப்ட் 8ல இருக்கிற மூலத்தோட லைமன் ஆல்ஃபா (ஹைட்ரஜனோட புற ஊதாக் கோடு) 0.1216 மைக்ரான்ல இருந்து 1.09 மைக்ரானுக்கு வந்துடும், அதுக்கு கீழ ஒளி அனேகமா வராது, நடுவுல இருக்கிற ஹைட்ரஜன் விழுங்கிடும். அதனால உங்க 3.6 மைக்ரான் படத்தை அதே இடத்தோட 0.6, 0.8 மைக்ரான் ஹபிள் படத்தோட கிராஸ் கோரிலேட் பண்ணுங்க, அதாவது ரெண்டும் ஒரே இடத்துல சேந்து ஏறி இறங்குதான்னு பாருங்க. ஒத்துப்போற பங்கு எதுவோ அது ஆதிகாலத்தோடது இல்ல. ஒத்துப்போகாத பங்கு எல்லாமே ஆதிகாலம்னு திருப்பிப் போடாதீங்க, ரொம்ப சிவந்த பக்கத்து மூலமும் அப்படித்தான் நடந்துக்கும்.

அடுத்தது எக்ஸ்ரே. 2013ல கப்பெல்லுட்டி குழு ஸ்பிட்ஸர் படத்தையும் சந்திரா எக்ஸ்ரே படத்தையும் ஒப்பிட்டு, மாஸ்க்குக்கு அப்புறமும் பெரிய கோணத்துல ரெண்டும் சேந்து ஏறி இறங்குதுன்னு காட்டுனாங்க. வெறும் ஹாலோ நட்சத்திரம் எக்ஸ்ரே தராது, அதனால கருந்துளை பேச்சு அங்கிருந்து பலமாச்சு. ஆனா எக்ஸ்ரே வர்ற இடமும் இன்ஃப்ராரெட் வர்ற இடமும் ஒரே பொருளா இருக்கணும்னு இல்ல, ஒரே பெரிய கட்டமைப்புல பக்கத்து பக்கத்துல இருந்தாலும் கோரிலேஷன் வரும்.

கடைசியா நிறம். பழைய நட்சத்திரங்கள்னா அதோட ஸ்பெக்ட்ரத்துல இருக்கிற 1.6 மைக்ரான் மேடு ரெட்ஷிஃப்ட்டுக்கு தகுந்த மாதிரி நகரும், ஆதிகால மூலம்னா ஒரு அலைநீளத்துக்கு கீழ சட்டுனு விழணும். ரெண்டு பேண்டை வச்சுக்கிட்டு இதைச் சொல்றது சாகசம், 102 பேண்ட் வந்திருக்கிற ஸ்பியரெக்ஸ் மேல எல்லாரும் கண்ணு வச்சிருக்கிறது இதுக்குத்தான்.

12. காமா கதிரோட மோதிப் பாருங்க

1 டெராஎலக்ட்ரான்வோல்ட் காமா ஃபோட்டான், சுமார் 1.2 மைக்ரான் பின்னணி ஃபோட்டானோட மோதி எலக்ட்ரான்-பாசிட்ரான் ஜோடியா மாறுறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். பின்னணி அதிகமா இருந்தா தூரத்து பிளேசாரோட ஸ்பெக்ட்ரம் அந்த ஆற்றல்ல மளமளன்னு சரியும். 2006ல ஹெஸ் டெலஸ்கோப் ரெண்டு பிளேசாரைப் பாத்து, சரிவு ரொம்ப கம்மி, பின்னணி கேலக்ஸி எண்ணிக்கைக்கு ரொம்ப மேல இருக்க முடியாதுன்னு மேல் எல்லை போட்டாங்க. பிளேசாரோட சொந்த ஸ்பெக்ட்ரம் ஒரு அளவுக்கு மேல கடினமா (ஆற்றல் கூடுறப்ப மெதுவா மட்டுமே குறையிற மாதிரி) இருக்காதுங்கிற அனுமானம் அதுக்குள்ள இருக்கு, அதையும் சேத்தே மேற்கோள் காட்டுங்க.

இந்தச் சோதனையோட மகிமை என்னன்னா, காமா கதிர் கேலக்ஸிகளுக்கு நடுவுல இருக்கிற ஒளியை மட்டும்தான் பாக்கும், நம்ம சூரியக் குடும்பத்துத் தூசி அதுக்கு ஒரு பொருட்டே இல்ல. அதனால 8ஆம் படி மிச்சம் 30, காமா மேல் எல்லையில கேலக்ஸி போக இடம் 5தான்னு வந்துச்சுன்னா, அந்த வித்தியாசம் 25ஐ பிரபஞ்சத்து மேல எழுதாதீங்க, சோடியாக்கல் வரிசைக்கு எதிர்ல எழுதிட்டு 5ஆம் படிக்கு திரும்பிப் போங்க. மிச்சம் இருக்கிற 5க்கும் பேர் வைக்கிறப்ப, 9ஆம் படியில வந்த ஏற்ற இறக்கத்தையும் அதே ஆள் தர முடியுமான்னு பாருங்க. ஏற்ற இறக்கத்தை தந்துட்டு மொத்தத்துல எல்லை மீறுனாலோ, மொத்தத்தை தந்துட்டு ஏற்ற இறக்கத்துல பத்தாம போனாலோ அந்த ஆள் பேருக்குப் பக்கத்துல மேல் எல்லை மட்டும் போட்டு அடுத்த வரிக்கு போங்க.